புல்லட்டுக்குக் கை வைத்தியம்

நம் சங்கத்து அன்பர்களில் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் என் கணக்கில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். பொங்கல் விழாவன்று மண்டபத்து வாசலில், தரையில் சொட்டியிருக்கும் எண்ணெயை வைத்தே யார் யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். இவர்களில் பாதிப் பேர் இப்போது வண்டியை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறார்கள். வண்டி கெட்டுப் போனது காரணமல்ல. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதுதான் காரணம். நானா பேட்டையில் பாயிண்ட் வைத்த எஞ்சினைத் தொட்டுப் பழகிய உஸ்தாதுகள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டிவிட்டார்கள். புதிய பையன்களுக்குக் கம்ப்யூட்டரை மாட்டிப் பழுது பார்க்கத் தெரியும். காது கொடுத்துக் கேட்டுப் பழுது பார்க்கத் தெரியாது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்களிடம் வருகிற வண்டிகள் அப்படி.

நமக்கோ அறுபது, எழுபது ஆகிவிட்டது. முட்டி மடங்க மறுக்கிறது, கண்ணுக்குச் சின்ன ஸ்க்ரூ தெரிவதில்லை. ஆகவே செய்ய வேண்டிய வேலையை அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று தள்ளிப் போடுகிறோம். நான் பார்த்தவரை இந்த எஞ்சின்கள் ஓடித் தேய்ந்து செத்ததைவிட, தள்ளிப்போட்ட வேலையால் செத்ததுதான் அதிகம். நான் கிர்க்கியில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். எஞ்சினை வேகமாக ஓட வைக்கும் மாற்றங்களில் எனக்கு அக்கறை கிடையாது. ஒன்றரை மணி நேரத்து வேலையை இருபது நிமிஷமாக்கும் மாற்றங்கள் சிலவற்றை என் வண்டியில் செய்து வைத்திருக்கிறேன். கேட்ட நண்பர்களுக்காக அவற்றை இங்கே எழுதுகிறேன்.

வண்டியின் பூர்வீகம் பற்றி இரண்டு வார்த்தை. பிறப்பு இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம் என்றாலும், வளர்ந்தது நம் சென்னைத் திருவொற்றியூர். 1955-இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. திருவொற்றியூரில் வண்டி தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. 1994-இல் ஐஷர் குழுமம் அதை வாங்கியது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. கொண்ட அந்த வார்ப்பிரும்புச் சிலிண்டர் எஞ்சின் 2010-ஐ ஒட்டித்தான் விடைபெற்றது. அதன் பின் வந்த எஞ்சினில் டாப்பெட்டைக் கையால் சரிசெய்யும் வேலையே இல்லை. நான் சொல்லப் போவதெல்லாம் அதற்கு முந்தைய எஞ்சினுக்கு மட்டுமே.

டாப்பெட்டிலிருந்தே தொடங்குகிறேன். எஞ்சினின் வலப்பக்கம், சிலிண்டருக்கு அடியில் ஒரே நட்டில் நிற்கும் சிறிய மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ் ராடுகளின் அடிப்பாகம் தெரியும். அவற்றைச் சரிசெய்யும் திருகுகள் அங்கேதான். மேலே ஹெட்டைத் தொடவே வேண்டியதில்லை. இது வடிவமைத்தவரின் புத்திசாலித்தனம். ஆனால் அந்த மூடியை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் கார்க் பேக்கிங் கிழியும், புதிது தேட வேண்டும், போட்டபின் ஒழுகும். இதற்குப் பயந்தே பலரும் திறப்பதில்லை.

இதற்குச் செய்ய வேண்டியது இதுதான். பேக்கிங்கை மூடியோடு மட்டும் ஷெல்லாக் தடவி ஒட்டிவிடுங்கள். எஞ்சின் பக்கம் படும் முகத்தில் கிரீஸைப் பூசுங்கள். கழற்றும்போது பேக்கிங் மூடியோடு முழுசாக வந்துவிடும். என் மூடியில் இருக்கும் கார்க் ஆறு வருஷத்துப் பழசு. பேக்கிங்கை வீட்டிலேயே வெட்டுவதும் பெரிய வித்தையில்லை. மூடியின் விளிம்பில் விரலால் எண்ணெய் தடவிக் கார்க் ஷீட்டின் மேல் அழுத்தினால் அச்சு விழும், கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ளலாம். துளை போடுவதற்குப் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஏரியல் துண்டுகளை நுனி தீட்டி வைத்திருக்கிறேன். ஒன்றுக்குள் ஒன்று போகும் குழாய்கள் ஆனதால் எல்லா அளவிலும் துளை கிடைக்கும். அவசரத்துக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையும் பேக்கிங்காக உழைக்கும். அழுத்தம் இல்லாத மூடிகளுக்கு மட்டும்தான், ஹெட்டுக்கு அல்ல.

மூடி ஒழுகுவதற்குப் பேக்கிங் மட்டும் காரணமல்ல. நடுவில் ஒரே நட்டு. ஒழுகுகிறதே என்று அதை இறுக்க இறுக்க, மூடி நடுவில் குழிந்து விளிம்பு தூக்கிக்கொள்கிறது. இறுக்கினால் இன்னும் ஒழுகும்! முதலில் மூடியைக் கண்ணாடித் தகட்டின் மேல் எமெரித்தாள் வைத்துத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். பிறகு நான் செய்தது, அந்த நட்டுக்குப் பதில் பித்தளையில் சொரசொரப்பான விளிம்பு வைத்து, விரலால் திருகும் நட்டு ஒன்றை லேத்தில் கடைந்து போட்டேன். விரலால் எவ்வளவு இறுகுமோ அவ்வளவுதான் இறுகும். யார் கையில் கொடுத்தாலும் மூடி வளையாது, ஸ்பானரும் தேடவேண்டாம். அதிர்வில் கழன்றுவிடாமல் இருக்க விளிம்பில் ஒரு சிறு துளை போட்டு மெல்லிய கம்பியால் பக்கத்தில் கட்டியிருக்கிறேன். லேத் பட்டறைக்குப் போகும்போது பழைய நட்டை மாதிரிக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த வண்டியில் மெட்ரிக் மரையும் பழைய ஆங்கில மரைகளும் கலந்து கிடக்கும். கண்ணால் பார்த்து அளவு சொல்லக் கூடாது.

உள்ளே அடுத்த சங்கடம் இடம். அடிநட்டைப் பிடிக்க ஒன்று, பூட்டு நட்டுக்கு ஒன்று, திருகுக்கு ஒன்று என்று மூன்று ஸ்பானர் ஒரே சந்தில் நுழைய வேண்டும். ஜூனா பஜாரில் பழைய ஸ்பானர்களை மலிவாக வாங்கி, சாணைக் கல்லில் பாதிக் கனத்துக்குத் தேய்த்துக்கொண்டால் தாராளமாக நுழையும். தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்க வேண்டும். நீலம் பாரித்துவிட்டால் இரும்பின் பதம் போயிற்று, முதல் திருகலிலேயே வாய் விரிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேன். கண்ணாடி போடாமலே எடுக்கலாம்.

சரிசெய்யும் முறை தெரிந்ததுதான். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, டாப் கியர் போட்டு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தைக் கையால் முன்னோக்கி உருட்டினால் எஞ்சின் சுலபமாகச் சுற்றும். கிக்கரை மிதிக்க வேண்டாம். பிளக் துளையில் கட்டைவிரலை வைத்தால் காற்று தள்ளுவது தெரியும். அதுதான் கம்ப்ரெஷன். பிறகு ஒரு இளநீர் ஸ்ட்ராவை உள்ளே விட்டு, அது மேலே வந்து நிற்கும் இடம் வரை உருட்ட வேண்டும். சைக்கிள் ஸ்போக்கை விடுகிறவர்கள் உண்டு. பிளக் துளை சாய்ந்திருப்பதால் கம்பி சிக்கினால் வம்பு. ஸ்ட்ரா வளைந்து கொடுக்கும். அந்த நிலையில் புஷ் ராடு இரண்டு விரலில் தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. பூட்டு நட்டை இறுக்கிய பின் மறுபடி சுழற்றிப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் இறுக்கும்போதுதான் அளவு நகர்கிறது. சத்தம் வராமலிருக்க இறுக்கி வைப்பதைப் போன்ற கெடுதல் வேறில்லை. வால்வு முழுக்க மூடாமல் எரிந்துவிடும். கொஞ்சம் டிக் டிக் என்று கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

இனி கண்டென்சர். சிலிண்டருக்குப் பின்னால் தொப்பி போட்டு நிற்கும் பாயிண்ட் பெட்டிக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் சூட்டில் வருஷம் முழுவதும் வெந்துகொண்டிருக்கிறது. சூடானால் செயலிழக்கும், ஆறினால் உயிர்பெறும். வண்டி இருபது கிலோமீட்டர் ஓடியதும் இருமி இருமி நிற்கும். அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பும். கார்புரேட்டரைக் குடைந்து பார்த்து ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கியவர்கள் நம்மில் பலர் உண்டு. கம்பட்கி மலைப்பாதையில் மழையில் நின்றுகொண்டு, கடுகளவு ஸ்க்ரூவைக் கீழே விடாமல் கண்டென்சர் மாற்றுவது நடக்கிற காரியமில்லை.

மின்சாரத்தின் கண்ணுக்குக் கண்டென்சர் எங்கே இருக்கிறது என்பது முக்கியமல்ல. பாயிண்டுக்கு இணையாக இருந்தால் போதும். காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போகும் ஒயரின் முனையில், அதாவது காயிலின் பக்கத்திலேயே, அதே அளவுள்ள புதிய கண்டென்சரின் ஒயரைச் சேர்த்து, அதன் உடலைப் பெயிண்ட் சுரண்டிய சுத்தமான இரும்பில் திருகிவிட வேண்டும். காற்றுப் படும் இடம், சூடு இல்லை. உள்ளேயிருக்கும் பழையதை மறக்காமல் துண்டிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வேலை செய்தால் அளவு இரட்டிப்பாகி, பாயிண்டின் ஒரு முகம் குழியாகி மறுமுகம் மேடாகும். நான் இரண்டு கண்டென்சரைப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, ஒன்றின் ஒயரை மட்டும் இணைத்து, மற்றதன் ஒயர் முனைக்கு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். வழியில் தகராறு வந்தால் ஒயரை மாற்றிப் போட ஒரு நிமிஷம்.

பாயிண்ட் இடைவெளி 0.35-இலிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். டைமிங் பார்க்க ஒரு சின்ன இண்டிகேட்டர் பல்பு போதும். 6 வோல்ட் வண்டியானால் 6 வோல்ட் பல்பு, 12 ஆனால் 12. பல்பின் ஒரு ஒயரைக் காயிலின் பாயிண்ட் முனையிலும், மற்றதை எஞ்சினிலும் தொட வைத்துச் சாவியைத் திருப்பினால், பாயிண்ட் திறக்கும் அந்தக் கணத்தில் பல்பு எரியும். டைமிங் ஒரு தடவை நன்றாக அமைந்ததும், பாயிண்ட் தட்டும் பெட்டியின் விளிம்பும் சேரும் இடத்தில் கூர் ஊசியால் ஒரே கோடாகக் கீறி வைத்துவிடுங்கள். அடுத்த முறை தட்டைக் கழற்றினாலும் கோட்டுக்குக் கோடு சேர்த்தால் ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்துவிடும், பல்பு சரிபார்ப்பதற்கு மட்டும். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை நீண்ட நேரம் போட்டு வைக்க வேண்டாம், காயில் சூடாகும். ஆம்மீட்டர் முள் இறங்கி நின்றால் பாயிண்ட் மூடியிருக்கிறது என்று அர்த்தம். விளக்கு போட்டால் மட்டுமே அதைப் பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன்.

நம் வண்டிகளின் பேர்போன எண்ணெய்ச் சொட்டுக்கு வருகிறேன். இதற்கு முக்கால்வாசிக் காரணம் பேக்கிங் அல்ல, மூச்சு. பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் 346 சி.சி. காற்றைத் தனக்கு அடியில் உள்ள கிராங்க் கேஸுக்குள் தள்ளுகிறது. நிமிஷத்துக்கு 3000 சுற்று என்றால் ஆயிரம் லிட்டர் காற்று போய் வருகிறது. ஒற்றைச் சிலிண்டர் ஆனதால் அதை வாங்கிக்கொள்ள இன்னொரு பிஸ்டன் இல்லை. அந்தக் காற்று வெளியே போக ஒரு மூச்சுக்குழாய் உண்டு, அதன் நுனியில் வாத்தின் அலகு போல ஒரு ரப்பர். உள்ளிருந்து காற்று போகும், வெளியிலிருந்து வராது. இதனால் கிராங்க் கேஸ் எப்போதும் லேசான உறிஞ்சு நிலையில் இருக்கும்; உள்ளே இழுக்கிற எஞ்சின் வெளியே ஒழுக்காது. ரப்பர் விறைத்தோ கிழிந்தோ போனால் கணக்கு தலைகீழாகிறது. அழுத்தம் கூடி, கிடைத்த சந்திலெல்லாம் எண்ணெய் பிதுங்குகிறது. நாம் பேக்கிங் மேல் பேக்கிங்காக மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

ரப்பரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவித் துடைத்துவிட்டு வாயில் வைத்துப் பாருங்கள். ஊதினால் காற்று தடையில்லாமல் போக வேண்டும், உறிஞ்சினால் ஒட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் புதிது போடுங்கள், விலை அதிகமில்லை. இதைச் செய்த பின்தான் மாற்றத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். நான் செய்த மாற்றம், நூல் பின்னிய அகலமான ரப்பர் ஹோஸைக் குழாயில் மாட்டி, சீட்டுக்கு அடியில் வரை மேல் நோக்கிக் கொண்டுபோய், அங்கே அந்த அலகு ரப்பரைப் பொருத்தி, அதன் வாயை ஒரு தேங்காய் எண்ணெய் பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் விட்டேன். மேலேறும் வழியில் எண்ணெய்த் துளிகள் ஹோஸின் சுவரில் ஒட்டித் திரும்ப எஞ்சினுக்கே வழிந்துவிடுகின்றன. மிச்சம்தான் பாட்டிலுக்கு வருகிறது. பாட்டில் மூடியில் ஒரு துளை கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் மூக்கைப் பொத்தின கதைதான். ஹோஸ் மெலிதாகவோ தேவைக்கு மேல் நீளமாகவோ இருக்கக் கூடாது. சைலன்சர் பக்கம் போகவே கூடாது.

இந்தப் பாட்டில் எனக்கு எண்ணெய் பிடிக்கும் பாத்திரம் மட்டுமல்ல, எஞ்சினின் நாடியும் அதுதான். மாதத்துக்கு இரண்டு ஸ்பூன் கறுப்பு எண்ணெய் என்றால் சுகம். புனே மழைக்காலத்தில் பால் கலந்த காப்பி நிறத்தில் சேர்ந்தால், வண்டி காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் மட்டுமே போய் வருகிறது, எஞ்சின் முழுச் சூடு ஏறுவதில்லை, உள்ளே நீராவி குளிர்ந்து எண்ணெயோடு கலக்கிறது என்று பொருள். வாரம் ஒருமுறை சாஸ்வத் வரை போய்வந்தால் சரியாகிவிடும். ஒரு மாதம் நின்ற வண்டியைக் கிளப்பியதும் பாட்டில் சட்டென்று நிரம்பினால் பயப்பட வேண்டாம். இந்த எஞ்சினில் எண்ணெய்த் தொட்டி கிராங்க் கேஸோடு சேர்ந்தே இருக்கிறது. நிற்கும்போது எண்ணெய் பம்ப்பைத் தாண்டி மெல்ல உள்ளே இறங்கிவிடும். அதனால்தான் அளவுக் குச்சியைப் பத்து நிமிஷம் ஓட்டிய பிறகு பார்க்கச் சொல்வது. நின்ற வண்டியில் குறைவாகக் காட்டுகிறது என்று மேலும் ஊற்றினால் அது பாட்டிலுக்குத்தான் வரும். தினமும் ஓடுகிற வண்டியிலும் பாட்டில் நிரம்பிக்கொண்டே போய், புகையும் வந்தால் ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன. அதற்குக் கை வைத்தியம் கிடையாது.

எண்ணெய் மாற்றும்போது பலர் விட்டுவிடும் ஒரு படி உண்டு. இந்த எஞ்சினின் கனெக்டிங் ராடு அடியில் பால் பேரிங்கோ ரோலரோ இல்லை, மிதக்கும் புஷ் ஒன்றுதான். எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை நீண்ட காலம் உழைக்கும். இல்லாவிட்டால் சில நிமிஷம் கூடத் தாங்காது. ஃபில்டரை மாற்றியதும் அதன் அறை காலியாக இருக்கிறது, பம்ப்போ நிதானமானது. அது நிரம்பி எண்ணெய் கிராங்க்குக்குப் போய்ச் சேரும்வரை எஞ்சின் பட்டினி. ஆகவே மெடிக்கல் கடையில் ஐம்பது மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். டைமிங் கவரில் கிராங்க் முனைக்கு எதிரே உள்ள சிறு மூடியைத் திறந்து, அதன் வழியே புது எண்ணெயைச் செலுத்திவிட்டு, மூடியைத் தளர்வாக வைத்து, சாவி போடாமல், டீகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக மிதிக்க வேண்டும். மூடியோரம் எண்ணெய் ஊறி வந்தால் பம்ப் வேலை செய்கிறது. அப்புறம் இறுக்கிவிட்டு வண்டியைக் கிளப்பலாம். மூடிக்குள் இருக்கும் கார்க் வாஷரைத் தொலைத்துவிடாதீர்கள். அது சின்னதாக இருந்தாலும் அழுத்தம் அதன் தயவில்தான் நிற்கிறது. இறக்கிய பழைய எண்ணெயை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்ப்பதும் நல்லது. பொடி மினுமினுப்பு சகஜம், நகத்தில் தட்டுப்படும் துணுக்கு சகஜமல்ல.

செய்யக் கூடாத மாற்றங்களும் உண்டு. பேக்கிங்குக்குப் பதில் சிலிக்கான் பேஸ்ட்டைப் பிதுக்கி வைப்பது அவற்றில் முதல் இடம் பெறும். ஒரு பட்டறையில் அப்படிப் பூசிக் கொடுத்த என் டைமிங் கவரைத் திறந்தபோது, சேமியா போல இழை இழையாக உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு துண்டு எண்ணெய் வழியை அடைத்தால் மேலே சொன்ன புஷ்ஷின் கதி என்ன? ராக்கருக்கு எண்ணெய் ஏறும் உலோகக் குழாய்க்குப் பதில், எண்ணெய் ஓடுவதைப் பார்க்கலாம் என்று கண்ணாடி போன்ற பெட்ரோல் டியூபை மாட்டுகிறார்கள். பார்க்க அழகுதான். சூட்டில் விறைத்து ஒரு நாள் நழுவினால் ஹெட் வறண்டுவிடும். குழாயின் மேல் முனை போல்டைக் கொஞ்சம் தளர்த்தினாலே எண்ணெய் வருகிறதா என்று தெரிந்துவிடுமே.

கிராங்க் கேஸிலோ கவரிலோ துளை போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. மேலே சொன்ன எதையும் ஒரு மணி நேரத்தில் கழற்றிப் பழையபடி ஆக்கிவிடலாம். வண்டியை நாளை வாங்குகிறவருக்கு அது முக்கியம். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும்தான். பதினைந்து வருஷம் கடந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. சைலன்சரை மாற்றிச் சத்தம் போடுகிறவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். சொட்டாத, புகையாத எஞ்சினை இன்ஸ்பெக்டர் இரண்டாம் முறை குனிந்து பார்ப்பதில்லை.

எஞ்சினைச் சேராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புதிய கிளட்ச் கேபிள் ஒன்றைப் பழைய கேபிளோடு ஒட்டினாற்போல் கட்டி, இரு முனையையும் சைக்கிள் டியூப் துண்டால் மூடி வையுங்கள். அறுந்தால் முனைகளை மாற்றி மாட்டினால் போதும், டாங்க்கைத் தூக்க வேண்டாம். டூல் பாக்ஸ் மூடியின் உட்புறத்தில் பாயிண்ட் இடைவெளி, எண்ணெய் ரகம், கடைசியாக மாற்றிய கிலோமீட்டர் எல்லாம் வெள்ளை எனாமலில் எழுதி வைத்திருக்கிறேன். எண்ணெய் 20டபிள்யூ50 போதும்.

பித்தளை நட்டின் மாதிரியும், தேய்த்த ஸ்பானர் ஒரு செட்டும் என்னிடம் கூடுதலாக இருக்கின்றன. சங்க நூலகம் திறந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கொண்டுவருகிறேன். அளவெடுத்துக்கொள்ள விரும்பும் அன்பர்கள் தங்கள் பழைய நட்டையும் கையோடு கொண்டுவந்தால் மரை சேருகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.